பிரசவத் திட்டத்தின் பின்பக்கம்

பிரசவத் திட்டம் எழுதி ஃபைலில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். லேபர் வார்டில் கூட யார் இருப்பது, வலியைத் தாங்க என்ன செய்வது, பிறப்புறுப்பு வாயைக் கத்தரிக்காமல் விடுவார்களா என்று ஒரு பக்கம் நிறைந்திருக்கும். தாளைத் திருப்பினால் ஒன்றும் இருக்காது. சிசேரியன் என்ற சொல்லை எழுதினாலே அபசகுனம் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்துவிடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அப்படியிருக்க, பின்பக்கம்தான் முதலில் எழுத வேண்டிய பக்கம் என்போம்.

"சிசேரியன் பண்ணிடலாம்" என்று டாக்டர் சொன்னதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உடனேயா மேடம், கொஞ்சம் நேரம் இருக்கா?" தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிட்டது, நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் போகிறது, குழந்தையின் துடிப்பு இறங்கி ஏறவே இல்லை என்றால் அரை மணிக்குள் குழந்தையை எடுக்கப் பார்ப்பார்கள். அங்கே விவாதத்துக்கு இடமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் வலி எடுத்தும் கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை, தலை இறங்கவில்லை என்ற காரணங்களில் பெரும்பாலும் பேச நேரம் இருக்கும்.

அந்த நேரத்தில் நான்கு விவரம் கேளுங்கள். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு நேரமாக அதே அளவில் நிற்கிறது, பனிக்குடம் எப்போது உடைந்தது, குழந்தையின் துடிப்பு எப்படி. துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் இயல்பு. தானாக வலி எடுத்தவர்களுக்கு 5 சென்டிமீட்டர் வரை வாய் மெதுவாகத்தான் திறக்கும். தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்போது அதற்குமுன் வேகப்படுத்தவோ அறுவை செய்யவோ வேண்டாம் என்பது 2018இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டல். ஆகவே 3 சென்டிமீட்டரில் "முன்னேறலை" என்றால் ஏன் என்று கேட்பதில் தவறில்லை. ஜெல் வைத்தோ பலூன் வைத்தோ வலி வரவழைத்திருந்தால் (இண்டக்ஷன்) கணக்கு வேறு: பனிக்குடம் உடைத்து, வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் டிரிப்ஸ் 12 முதல் 18 மணி நேரமாவது ஓடிய பிறகே இண்டக்‌ஷன் தோற்றது என்று சொல்வது வழக்கம். இதுவும் இருவரும் நன்றாக இருந்தால்தான்.

"இன்னும் 2 மணி நேரம் பார்த்தா குழந்தைக்கு என்ன ஆபத்து?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒவ்வொரு வலிக்கும் துடிப்பு இறங்குது, திரும்பி ஏற லேட் ஆகுது" என்று திட்டமான பதில் வந்தால் தயங்காதீர்கள். "எதுக்கு ரிஸ்க்" என்பதோடு பதில் முடிந்தால் இன்னொரு முறை கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் முதல் கையெழுத்து உங்களுடையது. கணவர், மாமியார் கையெழுத்து மருத்துவமனை வழக்கம். சுயநினைவோடு இருக்கும் பெண்ணின் சம்மதத்துக்கு அது மாற்று ஆகாது. (இந்த நெருக்கடியிலும் ஜோசியருக்குப் போன் போட்டு நல்ல நேரம் கேட்கிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சைத் தியேட்டர் வாசலோடு நிறுத்த ஒருவரை முன்பே நியமித்துவிடுங்கள்.)

தியேட்டருக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். வயிற்று அமிலத்துக்கு ஊசி போடுவார்கள், சிறுநீர்க் குழாய் வைப்பார்கள். முதுகு ஊசிக்கு மேசை ஓரத்தில் உட்கார்ந்து, தலையணையைக் கட்டிப்பிடித்து, தாடையை நெஞ்சில் பதித்து, நடுமுதுகை வெளியே தள்ள வேண்டும். நிமிர்ந்தால் எலும்புகளின் இடைவெளி மூடிக்கொள்ளும். மறுபடி குத்த வேண்டிவரும். வலி வந்தால் "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள். சில நிமிடங்களில் கால் சூடாகி, பிறகு கனத்துவிடும். குளிர்ந்த பஞ்சை மார்புவரை தொட்டுப் பார்த்து மரத்துவிட்டதா என்று உறுதிசெய்த பிறகுதான் ஆரம்பிப்பார்கள். வலி தெரியாது, இழுப்பதும் அழுத்துவதும் நன்றாகவே தெரியும். அதை வலி என்று நினைத்துப் பதறுகிறவர்கள் நிறையப் பேர். திடீரென்று குமட்டினாலோ கண் இருட்டினாலோ ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். தலைமாட்டில் நிற்கும் மயக்க மருந்து டாக்டரிடம் உடனே சொன்னால் டிரிப்ஸிலேயே மருந்து கொடுத்துவிடுவார். பல் கிட்டும் அளவுக்கு நடுங்குவதும் சகஜம்.

இனி பின்பக்கத்தில் எழுத வேண்டியவை. குழந்தை நன்றாக இருந்தால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது விட்டு வெட்டச் சொல்லலாம். சிசேரியனிலும் அது முடியும். குழந்தையைத் தியேட்டரிலேயே மார்பில் வைக்க விரும்பினால், ஈ.சி.ஜி. ஒட்டுகளைத் தோள், முதுகுப் பக்கமாக ஒட்டவும் ஒரு கையைக் கட்டாமல் விடவும் முன்கூட்டியே கேட்க வேண்டும். அந்த நேரத்தில் கேட்டால் "இனிமே மாத்த முடியாது" என்பார்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் பவுடர் பால் கொடுக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். குழந்தை என்.ஐ.சி.யு.வுக்கு (பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு) போனால் அப்பா குழந்தையோடு, உங்கள் அம்மா உங்களோடு என்று ஆளையும் பிரித்துவிடுங்கள். இது எழுதப்படாவிட்டால் எல்லோரும் குழந்தைக்குப் பின்னால் ஓடிவிட, தாய் தனியாகக் கிடப்பாள்.

குழந்தை பிரிந்திருந்தால் சீம்பாலைக் கையால் பீய்ச்சி எடுங்கள். முதல் நாளில் ஒரு தடவைக்குச் சில துளிகளோ ஒரு மில்லியோதான் வரும். பம்ப் வைத்தால் அது புனலிலேயே ஒட்டிக்கொள்ளும். சிறு சிரிஞ்சிலோ பாலாடையிலோ பிடித்து நர்ஸிடம் கொடுங்கள். இரவு உட்பட ஒரு நாளைக்கு 8 தடவையாவது எடுத்தால்தான் பால் ஊறும். குழந்தை பக்கத்திலேயே இருந்தால் ஒருக்களித்துப் படுத்தோ, அக்குளுக்கடியில் வைத்தோ கொடுத்தால் தையல்மேல் பாரம் விழாது.

செலவுக்குத் தனியாரில் 36ஆவது வாரத்திலேயே சுகப்பிரசவம், சிசேரியன் என்ற இரண்டு பேக்கேஜ் தொகையையும் கேட்டு வையுங்கள். மயக்க மருந்து டாக்டர் கட்டணமும் குழந்தை டாக்டர் பில்லும் அதில் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். அரசு மருத்துவமனையில் சிசேரியன், மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம்; உணவும் 7 நாள் வரை.

பிறகு, "சுகப்பிரசவமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். எதிர்பார்த்தது நடக்காத வருத்தமும் அழுகையும் முதல் இரண்டு வாரம் வந்து போகும். அதைத் தாண்டியும் நீடித்தால், தியேட்டர் காட்சியே திரும்பத் திரும்ப வந்தால், டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலும் பேசலாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று வரி இருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும்முன் பாருங்கள்: சிசேரியனுக்கான காரணம், அப்போது வாய் எத்தனை சென்டிமீட்டர், கர்ப்பப்பையில் எங்கே எப்படி வெட்டினார்கள். கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டியிருந்தால் அடுத்த முறை சுகப்பிரசவத்துக்கு முயல வழி உண்டு. அப்படி முயல்கிறவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேருக்குக் கைகூடுகிறது. பழைய தழும்பு பிரியும் ஆபத்து சுமார் 200 பேரில் ஒருவருக்கு. வெளித்தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே வெட்டிய விதத்தைச் சொல்ல முடியாது. வெறும் "எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ்." (அவசரமாகச் செய்த கீழ்ப்பகுதி சிசேரியன்) என்று மட்டும் எழுதியிருந்தால் காரணத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி, கணவர், மனைவி இருவர் போனிலும் படம் எடுத்து வையுங்கள்.