தலையில் எண்ணெயோடு நித்திரைப் பரிசோதனைக்குப் போகாதேங்கோ

குறட்டை எனக்குப் புதிதல்ல. கொழும்பு இரவு பஸ்ஸில் கொண்டக்டர் தம்பி தட்டி எழுப்பி, "அண்ணை, பின்னாலை ஆக்களுக்கு நித்திரை இல்லையாம்" என்று சொன்னபோதும் சிரித்துவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடினேன். யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலடியில், பட்டப்பகலில் மோட்டார் சைக்கிளில் கண் சொக்கி மதிலோடு உரசிய பிறகுதான் பயம் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் துண்டு எடுக்கிற இடத்திலேயே "குறட்டைக்கும் கிளினிக்கோ?" என்று ஒரு நக்கல். பிறகு ஒரு மாதம் காது மூக்கு தொண்டைக்காரர் நெஞ்சுக் கிளினிக்குக்கு அனுப்ப, அவர்கள் திருப்பி அனுப்ப என்று அலைச்சல். நித்திரையில் என்ன நடக்கிறது என்று கேட்டால் நித்திரை கொள்கிறவன் என்னத்தைச் சொல்வது?

கடைசியில் காப்பாற்றியது மனிசியின் போன். தலைமாட்டில் வைத்து வீடியோ எடுத்திருந்தா. குறட்டை ஏறி ஏறிப் போய்ச் சட்டென்று நின்றுவிடும். பிறகு "இருபத்தொண்டு, இருபத்திரண்டு" என்று அவ எண்ணுகிற குரல் மட்டும். இருபத்தேழில், கிணற்றுக்குள் முங்கி எழும்பினவன் மாதிரி நான் மூச்சை இழுக்கிறேன். அதைப் பார்த்த டொக்டர் சிரிக்கவில்லை. மூச்சு பத்து விநாடி நின்றாலே கணக்கில் எடுப்பினமாம். தடித்த கழுத்தும் ஒரு அறிகுறியாம் என்று டேப்பால் அளந்தார், 43 சென்ரிமீற்றர். இரவு முழுக்க வயர் ஒட்டி நித்திரையைப் பதிகிற பரிசோதனைக்குக் கடிதம் அன்றைக்கே கையில். முதல் நாளே அந்த வீடியோவைக் கொண்டு போயிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

அவசரத்துக்குக் கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் நாள் எடுத்தேன். போனில் சொன்னது இவ்வளவுதான்: "சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுட்டு வாங்கோ." சனிக்கிழமை எண்டால் எங்கடை வீட்டில் முழுக்கு. விடியவே நல்லெண்ணெய் வைத்து முழுகி, ரயில் ஏறி, வவுனியா வர முதலே நித்திரை.

இரவு வயர் ஒட்ட வந்த பெடியன் என் தலையில் விரலை வைத்தான். "தெல்!" என்றான். சிங்களத்தில் எண்ணெய். மூளையின் அலையைப் பிடிக்கிற வயர்கள் மண்டைத் தோலில் ஒட்ட வேணும். எண்ணெய்த் தலையில் ஒட்டாது. ஷாம்பூ போட்டு இரண்டு தரம் கழுவியும் இரவு ஒரு மணிக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. ரயிலில் கொண்ட நித்திரையால் கண்ணும் மூடவில்லை. விடிய, "ஒண்டரை மணித்தியாலம்தான் பதிஞ்சிருக்கு, ரிப்போட் எழுதப் போதாது" என்றார்கள். கவுண்டரில் இருந்தவ, "எண்ணெய் வைக்கக் கூடாதெண்டு தெரியாதோ?" என்று கேட்டா. தெரிந்தால் வைப்பேனா? நாள் தரும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போக வரக் கிட்டத்தட்ட 800 கிலோமீற்றர் மிச்சம். காசில் பாதிதான் விட்டுக்கொடுத்தார்கள், அதுவும் சண்டை பிடித்து.

மூன்று கிழமைக்குப் பிறகு திரும்பப் போனேன். எண்ணெய் இல்லை, தாடி வழித்தாச்சு, மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி இல்லை, ரயிலில் கண்ணைக் கிள்ளிக்கொண்டு இருந்தேன். எல்லாம் ஒழுங்காய் நடந்தது. மணித்தியாலத்துக்கு 38 தரம் மூச்சு அடைபடுகிறதாம். 30ஐத் தாண்டினாலே கடும் வகை.

மருந்து குளிசை இல்லை, காற்றுத்தான். முகமூடி வழியே ஓயாமல் காற்றை அழுத்தி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிற மிசின். 1980இல் சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் முதலில் செய்து பார்த்தபோது தூசி உறிஞ்சும் மிசினின் மோட்டரைத்தான் பாவித்தாராம். இப்போதையது மேசை விசிறியை விடச் சத்தம் குறைவு.

கனடாவில் இருந்து மச்சான், "பழசு ஒண்டு கிடக்கு, அனுப்புறன்" என்றார். ஆசைப்பட்டேன். டொக்டர் மறித்துவிட்டார். சத்தத்தை அடக்க உள்ளே வைத்த ஃபோம் உதிர்ந்து மூச்சோடு போகலாம் என்று 2021இல் ஒரு பெரிய கம்பனி லட்சக்கணக்கான மிசின்களைத் திரும்பப் பெற்றது. மச்சானுடையதும் அந்த இனம்தான். அதோடு, காற்றின் அழுத்தத்தை ஆளுக்கு ஆள் பார்த்து வைக்க வேணும். ஒருவரின் அளவு மற்றவருக்குச் சரிவராது.

அடுத்த பிழை முழுக்க என்னுடையது. காற்றை ஈரமாக்குகிற தட்டில் கிணற்றுத் தண்ணியை ஊற்றினேன். எங்கடை சுண்ணக்கல் தண்ணி கேத்திலை என்ன செய்யும் என்று தெரியாதா? ஒரு கிழமையில் தட்டு முழுக்க வெள்ளைப் படை. தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தெடுத்தேன். இப்போது வடித்த தண்ணி மட்டும்தான்.

போன கிழமை இங்கேயே மறு கிளினிக். முகமூடி, குழாய், வயர் எல்லாவற்றையும் பையில் அடுக்கிக் கொண்டு போனேன். டொக்டர் கேட்டது மிசினுக்குள் இருக்கிற சின்னக் கார்ட்டை. இரவு இரவாகப் பதிகிறது அதில்தான். மகன் அதைக் கழற்றித் தன் கொம்பியூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்திருக்கிறான். அதை எடுக்க வீட்டுக்குத் திரும்ப ஓட்டோ. இந்த முறை நல்லூர் வரைக்கும்தான், பரவாயில்லை.