பாதியில் அணைத்தவர்

"அந்த அடியைப் பார்க்கச் சகிக்கலைங்க, பாதியிலேயே டிவியை அணைச்சிட்டேன்" என்று காலையில் தேநீர்க் கடையில் ஒருவர் ‘விசாரணை’ படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி, குண்டூரில் தமிழ்த் தொழிலாளர்களைக் காவலர்கள் வதைக்கும் பகுதியைத்தான் சொன்னார். பலரும் சொல்லும் குறைதான் அது.

ஆட்டோ ஓட்டும் அண்ணன், டீயின் மேல் ஆடை படிந்துவிட்ட கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார். "அதுக்கப்புறம்தாங்க படமே. போலீஸ் பிடியில அந்த ஆடிட்டர் செத்தது அடியால மட்டுமா? அவருக்குத் தெரிஞ்ச பெரிய ஆளுங்க கணக்கால."

மூலக்கதையான ‘லாக்கப்’பை எழுதிய மு.சந்திரகுமாரும் கோவையில் ஆட்டோ ஓட்டியவர் என்பது இவருக்குத் தெரியுமோ, என்னவோ.

சிறு முதலீட்டில் உருவாகி, 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்குச் சென்று, பின்னர் மூன்று தேசிய விருதுகளையும் பெற்ற அப்படத்தின் முற்பாதியில் லத்தி பேசுகிறது; பிற்பாதியிலோ, யாரைக் காப்பாற்ற யாரைப் பலியிடுவது என்பதை அதிகாரிகள் தாழ்ந்த குரலில் முடிவு செய்கிறார்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தாழ்ந்த குரல்தான்.

அணைத்தவர் சில்லறையை எண்ணி வைத்துவிட்டு, "கடைசியில அந்தப் பசங்க தப்பிச்சாங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் பதில் சொல்லாமல் ஆடையை விரலால் ஒதுக்கினார்.