10க்கு எத்தனை?

பிப்ரவரி 9
நாளை காலை 9 மணிக்கு. பின்பக்க இடுப்பெலும்பில் ஊசி போட்டு எலும்பு மஜ்ஜை எடுப்பார்களாம், பரிசோதனைக்கு. "சின்னதா ஒரு ஊசிதான்மா" என்றார் ரத்தம் எடுக்க வந்த பையன். உனக்கு எடுத்திருக்கிறார்களா தம்பி என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

பிப்ரவரி 10
முடிந்தது.

பிப்ரவரி 11
நேற்று எழுத உட்கார முடியவில்லை, அதுவும் அந்தப் பக்கம் சாய்ந்து. ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டபோது தோல் எரிந்தது, அதுகூடப் பரவாயில்லை, போட்டு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா, அதற்குள் பெரிய ஊசி. "வலிக்குதாம்மா?" என்றார் டாக்டர். "இல்ல டாக்டர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வலித்தது. நன்றாகவே வலித்தது. அப்புறம் சிரிஞ்சை வைத்து உறிஞ்சினார்களே, அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை, நாலைந்து நொடிதான் இருக்கும், இடுப்பிலிருந்து குதிகால் வரை உள்ளே இருப்பதை எல்லாம் ஒரே பிடியில் சுருட்டி இழுத்த மாதிரி. எதிர்ச் சுவரில் பெயிண்ட் உப்பி நின்ற ஓர் இடம் இருந்தது, கட்டைவிரல் அளவு. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஆனபின் சிஸ்டர் தோளைத் தட்டி, "சமத்தா இருந்தீங்கம்மா, சத்தமே போடல" என்றார்.

52 வயதில் சமத்து. அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிப்ரவரி 13
மகள் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தாள். மரத்துப்போகும் மருந்து தோலுக்கும் எலும்பின் மேல் உறைக்கும்தான் எட்டுமாம், எலும்புக்குள்ளே எட்டாதாம், அதனால் உறிஞ்சும்போது யாருக்குமே வலிக்குமாம். ஊசி போட்டுச் சில நிமிடம் காத்திருந்தால் மற்ற வலியாவது குறையுமாம். "அரைத் தூக்கத்துல வச்சுக்கூட எடுப்பாங்களாம்மா, கேட்டா."

கேட்டா.

பிப்ரவரி 17
பெயர் வந்துவிட்டது. மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வருகிற ஒரு புற்றுநோய்.

பிப்ரவரி 18
முதுகுவலிக்கு நானாகவே ஆறேழு மாதமாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்ததை யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொன்னேன், அதுவும் மகள் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டியதால். டாக்டர் முகம் மாறியது. இந்த நோயில் சிறுநீரகம் ஏற்கெனவே அடி வாங்கும், ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா அதை இன்னும் கெடுக்கும், இனி தொடவே கூடாது என்றார். நல்லவேளை ரத்தத்தில் கிரியாட்டினின் இன்னும் ஏறவில்லை, சிறுநீரகம் கெட்டால் ஏறுகிற கழிவாம் அது.

வலியை மறைக்கிறோம் என்றால் மாத்திரையையும் சேர்த்து மறைக்கிறோம். இது எனக்குத் தோன்றவே இல்லை.

பிப்ரவரி 22
எம்.ஆர்.ஐ. வலியில்லாத பரிசோதனை என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். படுக்க முடிகிறவர்களுக்கு. 40 நிமிடம் மல்லாக்கப் படு, அசையாதே என்றால் இந்த நோயால் உடைந்துபோன முதுகெலும்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள், முடியாவிட்டால் அமுக்குங்கள் என்று. அமுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்தால் "நிறைய அசைஞ்சிட்டீங்கம்மா, படம் கலங்கியிருக்கு, இன்னொரு தடவை எடுக்கணும்."

இதுதான் நான் பொறுத்துக்கொண்டதற்குக் கிடைத்தது.

பிப்ரவரி 23
அப்பா சத்தமே போடமாட்டார். அதைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள். கடைசி இரண்டு மாதம் ஒரு முனகல் இல்லை, அப்படிப்பட்ட மனுஷன். வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், நானும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் பார்த்தது வேறு. கட்டில் சட்டத்தைப் பிடித்திருக்கும் அந்த வலது கை. விரல் முட்டி வெளுத்திருக்கும். யாராவது உள்ளே வந்தால் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொள்வார்.

பிப்ரவரி 24
வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா போனில் அழுதாள். "அது கடைசில குடுக்கறதாச்சேடி."

பிப்ரவரி 26
திரும்ப எம்.ஆர்.ஐ. இந்தத் தடவை முக்கால் மணி நேரம் முன்னாலேயே மார்ஃபின் மாத்திரை. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வேண்டும் என்று மகள் கேட்டாள், வைத்தார்கள், அவ்வளவுதான், கேட்டதும் வைத்துவிட்டார்கள். பாதியில் தூங்கிவிட்டேன்.

மார்ச் 1
மார்ஃபின் பற்றி அக்காவுக்கு நான் விளக்குகிறேன், எனக்கே விளக்கிக்கொள்கிற மாதிரி. வலிக்காக, சொன்ன அளவில் எடுத்தால் அடிமையாவது அபூர்வம் என்கிறார் டாக்டர். இப்போதே ஆரம்பித்தால் பின்னால் வேலை செய்யாதே என்றேன், வலி கூடினால் அளவைக் கூட்டலாம், இத்தனைக்கு மேல் கிடையாது என்று பொதுவான வரம்பு எதுவும் இல்லை என்றார். 12 மணி நேரத்துக்கு ஒன்று, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இடையில் திடீரென்று எகிறினால் அதற்குத் தனியாக ஒரு சின்ன மாத்திரை. எத்தனை தடவை அதைப் போட்டேன் என்று குறித்து வைக்க வேண்டும், அதை வைத்துத்தான் பெரிய மாத்திரையின் அளவை மாற்றுவார்களாம்.

மயக்கமும் குமட்டலும் நாலைந்து நாளில் பழகிவிடும் என்றார்கள், பழகிக்கொண்டு வருகிறது. மலச்சிக்கல் மட்டும் பழகாது. அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து கொடுத்தார்கள், நான்தான் இது எதற்கு என்று இரண்டு நாள் போடவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

மார்ச் 2
சிகிச்சையின் முதல் ஊசி. வயிற்றில், தோலுக்கடியில். வலிக்கவில்லை, இது நிஜம்.

மார்ச் 7
இரவு 2.40. தூக்கமில்லை, படித்துக்கொண்டிருந்தேன். சிசிலி சாண்டர்ஸ் என்று ஒரு அம்மா, நர்ஸாக இருந்து, அப்புறம் டாக்டருக்குப் படித்து, 1967ல் லண்டனில் சாகப்போகிறவர்களுக்கென்று ஒரு இல்லம் திறந்தவர். வலி வரட்டும், கெஞ்சட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்று இருந்ததை மாற்றி, வருவதற்கு முன்பே மணிக்கணக்குப்படி கொடுத்தவர். 1986ல் உலக சுகாதார நிறுவனமும் புற்றுநோய் வலிக்கு அதையே எழுதி வைத்தது: முடிந்தவரை வாய் வழியாக, நேரம் தவறாமல், படிப்படியாக.

அப்பா போனது 1994.

அவர் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா, இருந்ததா, தெரியாது. அந்த 8 வருடத்தை மட்டும் எண்ணிக்கொண்டே விடிந்தது.

மார்ச் 9
"வலி 10க்கு எத்தனைம்மா?" 3 என்றேன். நிஜத்தில் 7.

மார்ச் 10
ஏன் 3? சிஸ்டர் பாவம், ராத்திரி டூட்டி முடிக்கிற நேரம். அப்புறம் 7 என்றால் சிகிச்சை சரிவரவில்லை என்று நினைத்துவிடுவார்களோ. அப்புறம், பக்கத்துக் கட்டிலில் அந்தச் சின்னப் பெண் இருக்கிறாள், அவளுக்கு முன்னால் நான் 7 சொல்வதா. காரணம் யோசித்தால் வந்துகொண்டே இருக்கிறது.

மார்ச் 16
தலைவலி, பாராசிட்டமால் எடுக்கப் போனேன், மகள் கையைப் பிடித்துவிட்டாள். முதலில் தெர்மாமீட்டர். சிகிச்சை நடக்கும்போது காய்ச்சலை அந்த மாத்திரை மறைத்துவிடும், கிருமித் தொற்று இருந்தாலும் வெளியே தெரியாது. 100.4 தொட்டால் நடுராத்திரி ஆனாலும் போன் பண்ண வேண்டும். 98.9. போட்டுக்கொண்டேன்.

மார்ச் 30
பாதம். ஒரு வாரமாக. இதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே மட்டும்.

ஏப்ரல் 3
சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். ரத்தத்தில் இந்த நோய் உண்டாக்குகிற அந்தப் புரதம் இறங்கிக்கொண்டிருக்கிறது, பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. பாதம் எரிந்தால் எரியட்டும்.

ஏப்ரல் 5
போர்வை பட்டால்கூட முடியவில்லை.

ஏப்ரல் 6
சொல்லிவிட்டேன். நானாகச் சொல்லவில்லை, செருப்பைக் கழற்றும்போது டாக்டர் பார்த்துவிட்டார். எப்படி வலிக்கிறது என்றார். வலிக்கிறது என்றேன். இல்லை, எப்படி? அப்போதுதான் யோசித்தேன். முதுகில் இருப்பது குடைச்சல், ராத்திரியில் கூடும், ஒரே இடத்தில் நிற்கும். பாதத்தில் இருப்பது அது இல்லை. எரிகிறது, சுருக் சுருக்கென்று குத்துகிறது, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, விரல் நுனி மதமதவென்று இருக்கிறது. இத்தனை வார்த்தையை வைத்துக்கொண்டு இவ்வளவு நாள் "லேசா வலி" என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுதிக்கொண்டே போனார். இது எலும்புவலி இல்லை, நரம்புவலி, போர்டிசோமிப் ஊசியால் வருவது, இதற்கு மார்ஃபின் மட்டும் போதாது, மாத்திரையே வேறு. ஊசியை நிறுத்தவில்லை. அளவைக் குறைத்து வாரத்துக்கு ஒன்றாக மாற்றினார். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் குறைந்துவிடும், விட்டுவிட்டால் நரம்பில் நிரந்தரமாகத் தங்கிவிடலாம், அப்போதுதான் மருந்தையே நிறுத்த வேண்டிவரும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 7
அக்கா: "சொல்லியிருக்கலாம்ல?" நீதானேக்கா பொறுத்துக்கோ பொறுத்துக்கோ என்றாய். இருவரும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் சும்மா இருந்தோம்.

ஏப்ரல் 19
பாதம் 4. நிஜமான 4.

மே 11
26ஆம் தேதி திரும்ப இடுப்பெலும்பில்.

மே 12
சுவரில் அந்தப் பெயிண்ட் உப்பல் கனவில் வந்தது.

மே 24
ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். போன தடவை மரத்துப்போகும் முன்பே ஆரம்பித்துவிட்டீர்கள், எனக்கு மிகவும் வலித்தது, நான் இல்லை என்று சொன்னது பொய். இந்தத் தடவை மயக்க மருந்து முடியுமா? முடியாது என்றால் ஊசி போட்டபின் காத்திருங்கள், தொட்டுப் பார்த்து என்னைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், உறிஞ்சும் முன் சொல்லுங்கள், நான் நிறுத்து என்றால் நிறுத்துங்கள். மகளிடம் வாசித்துக் காட்டினேன். "பொய்"யை எடுத்துவிடும்மா என்றாள். எடுக்கவில்லை.

மே 25
போன் பண்ணிக் கேட்டாயிற்று. தருவார்களாம். 6 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அன்றைக்கும் இதுதானே நிபந்தனையாக இருந்திருக்கும்.

மே 26
காலை 8.10. அதே அறை. பெயிண்ட் அடித்துவிட்டார்கள், எந்த இடம் என்றே தெரியவில்லை. அதே சிஸ்டர், என்னை ஞாபகம் இருக்கிறது அவருக்கு, "நீங்க சமத்தாச்சே" என்கிறார். தாள் கையில் இருக்கிறது, வியர்த்து ஓரம் ஈரமாகிவிட்டது. சிஸ்டர், ஒரு நிமிஷம், என்றேன். திரும்பிப் பார்க்கிறார்.