குரூப்பில் சேர்த்தும் திறக்காத ஃபோல்டர்

ஒருவழியாகத் திறந்துவிட்டது! திருநகர் வீட்டில் டெபியன் என்ற லினக்ஸ் போட்டு ஓடும் பழைய டெஸ்க்டாப்தான் எங்கள் சர்வர். தாத்தா எடுத்த சித்திரைத் திருவிழாப் படங்களை ஸ்கேன் பண்ணி ஒரே ஃபோல்டரில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். மதினியைக் குடும்ப குரூப்பில் சேர்த்தாச்சு, ஃபோல்டருக்கு 2770 கொடுத்தாச்சு (சொந்தக்காரருக்கும் குரூப்புக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு எதுவும் இல்லை; முன்னால் நிற்கும் 2தான் செட்ஜிஐடி, உள்ளே உருவாகும் ஃபைலுக்கு ஃபோல்டரின் குரூப்பையே கொடுக்கும்). அப்படியும் பெர்மிஷன் டினைட். "தம்பி, லாகவுட் பண்ணிட்டு வந்தும் அதேதான் வருது" என்றார்.

யார் எந்தக் குரூப்பில் என்று காட்டும் ஐடி கமாண்டை மதினியின் பெயரோடு அடித்தால் குரூப் இருக்கிறது. பெயர் இல்லாமல், மதினியின் டெர்மினலிலேயே அடித்தால் இல்லை. விஷயம் முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. பெயரோடு கேட்டால் குரூப் ஃபைலைப் படித்துச் சொல்கிறது. வெறுமனே கேட்டால் இப்போது ஓடும் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) கையில் என்ன இருக்கிறதோ, அதைச் சொல்கிறது. உரிமையைச் சரிபார்க்கும் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையம், பார்ப்பது இரண்டாவதை மட்டும்தான். லாகின் ஆகும்போது குரூப் எண்கள் ப்ராசஸில் ஏறும். அதன் பிள்ளை ப்ராசஸ்கள் எல்லாம் அதையே வாங்கிக்கொள்ளும். நடுவில் குரூப் ஃபைலை மாற்றினாலும் ஓடுகிற ப்ராசஸுக்குத் தெரியாது.

சரி, லாகவுட் பண்ணியும் ஏன் மாறவில்லை? டிமக்ஸ்! லாகவுட் ஆனாலும் டெர்மினல் செஷன்களை உயிரோடு வைத்திருக்கும் புரோகிராம் அது. புதிதாக லாகின் ஆனாலும் மதினி போய் ஒட்டிக்கொண்டது பழைய டிமக்ஸில். பின்னணியில் ஓடும் அதன் சர்வர் ப்ராசஸ், மதினியைக் குரூப்பில் சேர்ப்பதற்கு முன்பே கிளம்பியது. அதற்குள் திறக்கும் ஒவ்வொரு ஷெல்லும் அதன் பிள்ளை. ஓடும் ப்ராசஸ்களின் விவரம் இருக்கும் ப்ராக் ஃபோல்டரில் அந்த ப்ராசஸின் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்து 'குரூப்ஸ்' வரியைப் பார்த்தேன்: 1002 மட்டும். டிமக்ஸ் சர்வரைக் கொன்றுவிட்டு மறுபடி கிளப்பியதும் 1002-உடன் குடும்ப குரூப்பின் எண் 1005. அந்த 1005-ஐப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே!

அவசரத்துக்கு, குரூப்பை மாற்றிப் புது ஷெல் திறக்கும் நியூஜிஆர்பி கமாண்டும் உண்டு. 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்புக்கு முன்னால் யூனிக்ஸில் ஒரு நேரத்தில் ஒரே குரூப்தான். குரூப் மாற அதுதான் வழி. நியூஜிஆர்பியின் பெர்மிஷனில் எக்ஸ் (ஓட்டும் உரிமை) இருக்க வேண்டிய இடத்தில் எஸ் நிற்கும். டென்னிஸ் ரிட்சி 1979இல் பேட்டன்ட் வாங்கினாரே, அந்த செட்யூஐடி: யார் ஓட்டினாலும் ஃபைலின் சொந்தக்காரர் உரிமையோடு ஓடும்.

அடுத்த மல்லுக்கட்டு யூமாஸ்க், புது ஃபைலில் எந்த உரிமைகளைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் எண். செட்ஜிஐடி இருப்பதால் புது ஃபைலின் குரூப் சரியாக விழுகிறது. ஆனால் யூமாஸ்க் 022 என்பதால் 644, அதாவது குரூப்புக்குப் படிக்க மட்டும், ஆகிவிடுகிறது. நான் போட்ட படத்தை மதினியால் திருத்த முடியாது, அழிக்க மட்டும் முடியும்! அழிப்பதற்கு வேண்டியது ஃபோல்டரில் எழுதும் உரிமைதான் என்பதால் அப்படி. யூமாஸ்க்கை 002 ஆக்கலாம், ஆனால் அது ஒவ்வொரு செஷனிலும் சரியாக இருக்க வேண்டும். ஃபோல்டருக்கே டிஃபால்ட் ஏசிஎல் (உள்ளே உருவாகும் ஃபைல்களுக்கான உரிமைப் பட்டியல்) கொடுத்துவிட்டால் அங்கே யூமாஸ்க்கைக் கெர்னல் கண்டுகொள்வதில்லை. என் ஓட்டு இதற்குத்தான். ஒன்று, எம்வி கமாண்ட் போட்டு நகர்த்தும் ஃபைல்கள் பழைய குரூப்போடேயே வந்து உட்காரும். சிபி போட்டு நகலெடுத்தால்தான் புதுக் குரூப்.

டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் பழைய ஹார்ட் டிஸ்க் பார்த்து வைத்திருக்கிறேன். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் ஸ்மார்ட் டெஸ்ட் ஓட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னார் கடைக்காரர், நல்ல மனிதர். அதில் பேக்கப், அப்புறம் அம்மா போனிலிருந்து பார்க்க, நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் சாம்பா. ஏற்கெனவே உள்ள சப்-ஃபோல்டர்களுக்கு டிஃபால்ட் ஏசிஎல் தானாக இறங்காது. அதை இந்த வாரமே கையால் போட்டுவிட வேண்டும், அழகர் ஆற்றில் இறங்கும் படங்களை மதினி ஏற்ற ஆரம்பிப்பதற்குள்.