குர்குமின் ஜெல்லுக்குள் போய்விடும், வெளியே வருவதுதான் கஷ்டம்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு, காயத்துக்குப் போடுகிற ஹைட்ரோஜெல் (நிறைய தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஜெல்) டிரஸ்ஸிங்கில், மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற குர்குமினை மருந்தாக ஏற்றினேன். இதே தலைப்பை எடுக்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஜெல் செய்வது பெரிய விஷயம் இல்லை. கடல்பாசியிலிருந்து எடுக்கிற சோடியம் ஆல்ஜினேட்டைத் தண்ணீரில் 2 சதவீதம் கரைத்து (கட்டி கட்டியாக நிற்கும், ராத்திரி முழுக்க ஸ்டிர்ரரில் விட்டுவிடுங்கள்), தட்டில் ஊற்றி, மேலே கால்சியம் குளோரைடு கரைசல் விட்டால் கால்சியம் உள்ளே போய் சங்கிலிகளைப் பிணைத்து, கையில் எடுக்கிற மாதிரி ஷீட் ஆகிவிடும். காயத்தை ஈரமாக வைப்பதுதான் அதன் முதல் வேலை. புண் காய்ந்தால்தான் ஆறும் என்று வீட்டில் சொல்வார்கள், ஆனால் 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளிடம் செய்த சோதனையில், மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது.

தொல்லையே குர்குமினில்தான். தண்ணீரில் கரையவே கரையாது. எத்தனாலில் கரைத்து ஊற்றினாலும் ஆல்ஜினேட்டுக்குள் போனதும் துகளாகப் பிரிந்துவிடும்; வெறும் கண்ணுக்கு ஷீட் நல்ல மஞ்சளாகத் தெரியும், மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் வண்டவாளம் தெரியும். டுவீன் 80 (எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க வைக்கிற சோப்பு மாதிரியான பொருள்) சேர்த்த பிறகு ஓரளவு சீராகப் பரவியது.

அப்புறம் ரிலீஸ் ஸ்டடி, அதாவது ஜெல்லிலிருந்து மருந்து எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வெளிவருகிறது என்று அளப்பது. எல்லோரும் போடுகிற மாதிரி பிஹெச் 7.4 பாஸ்பேட் பஃபர் (பிஹெச்சை மாறாமல் வைக்கிற கரைசல்), 37 டிகிரி என்று ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் அடி விழும். பாஸ்பேட் ஜெல்லிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கி ஷீட்டையே கொழகொழவென்று ஆக்கிவிடும், வெளியே வந்த கொஞ்சநஞ்ச குர்குமினும் அந்த பிஹெச்சில் அரைமணி நேரத்துக்குள் பெரும்பாலும் சிதைந்துவிடும், கருவியில் ஒன்றுமே வராத மாதிரி காட்டும். பாஸ்பேட் இல்லாத டிரிஸ் பஃபருக்கு மாறி, அதிலும் டுவீன் போட்டு, வெளிச்சம் படாமல் குப்பிகளை அலுமினியம் ஃபாயிலில் சுற்றி வைத்த பிறகுதான் நம்பும்படியான வளைவு கிடைத்தது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர், மஞ்சள் பாட்டி வைத்தியம்தானே, இதில் என்ன புதுசு என்று கேட்டார். மஞ்சளால் காயம் ஆற்ற அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமையையே நம் அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து 1997இல் ரத்து செய்ய வைத்தது சார், அதைப் புதுசு என்று நான் சொல்லவில்லை, எவ்வளவு மருந்து எத்தனை மணி நேரத்தில் வெளிவருகிறது என்பதைக் கையில் வைத்திருப்பதுதான் என் வேலை என்றேன். விட்டுவிட்டார்.

எலிச் சோதனைக்கு விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், ஒரு செமஸ்டருக்குள் நடப்பது சந்தேகம்தான். தட்டில் வளர்த்த செல் படலத்தில் கீறல் போட்டு அது எவ்வளவு வேகமாக மூடுகிறது என்று பார்க்கிற செல் ஸ்க்ராட்ச் சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். எம்டிடி (எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்பதை நிறத்தை வைத்து அளக்கிற சோதனை) செய்தால் செல் இல்லாத குழிகளிலும் குர்குமின் போட்டு ஓட்டுங்கள், அதன் நிறமே ரீடிங்கை ஏற்றிக் காட்டும்.