தபலா அண்ணனின் ‘தின்’

மெல்லிசைக் குழுவில் பேட் வாசிக்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குப் புரியாது. எட்டு ரப்பர் கட்டம் போட்ட பெட்டி, குச்சியால் அடிப்போம் என்று விளக்கினால், “ஓ, அந்த டுமீல் டுமீலா?” என்பார்கள். அதேதான். பதினாறு வருஷமாக அதுதான் சோறு போடுகிறது.

ரோலண்ட் கம்பெனி 1985-ல் இந்தப் பெட்டியை ஆக்டோபேட் என்ற பெயரில் முதலில் விட்டபோது அதற்குள் சத்தமே கிடையாது. அடியை எண்ணாக்கி, மிடி வயர் வழியாக வேறொரு கருவிக்கு அனுப்பும், அவ்வளவுதான். மிடி என்பது 1983-ல் இசைக்கருவிக் கம்பெனிகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட பொதுப் பாஷை. எந்தச் சத்தம் என்பதற்கு ஓர் எண், எவ்வளவு பலமாக என்பதற்கு 127 வரை ஓர் எண். பாஸ் டிரம் 36, ஸ்னேர் டிரம் 38. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சத்தத்தை உள்ளேயே வைத்த மாடல்கள் பிறகுதான் வந்தன. எங்கள் பக்கம் எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் அது ஆக்டோபேட்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோவில் கொடை விழா. பீப்பாய் அடுக்கி, மேலே பலகை போட்ட மேடை. மைக்செட்காரர் இடம் இல்லாமல் பாஸ் ஸ்பீக்கர் பாக்ஸை என் காலடியில் வைத்துவிட்டார். அம்மன் பாட்டு, மெதுவான நடை. முதல் சரணத்தில் பாடகி மூச்சு வாங்கிய இடத்தில் என் பேட் தானாகவே ‘டம்’ என்றது. குச்சி இரண்டும் மடியில் கிடக்கிறது. பாஸ் அதிர, பலகை அதிர, ஸ்டாண்ட் அதிர, அதை அடி என்று நினைத்து பேட் ஒரு டம் போட, அந்த டம் மறுபடி பாஸ் பாக்ஸ் வழியாக வந்து பலகையை ஆட்ட... நிற்கவே இல்லை. கூட்டத்தில் நாலு பேர் சாமி வந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஓனர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ரப்பருக்கு அடியில் இருப்பது ஓர் உணரி. அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் பீசோ வில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கடக்கமான பஸ்ஸரில் இருக்கும் அதே தகடு. அதற்குக் குச்சி எது, பலகை எது என்று தெரியாது. அதனால் ‘இந்த அளவுக்குக் கீழே வந்தால் கண்டுகொள்ளாதே’ என்று ஒரு வரம்பு வைப்போம். நான் பயத்தில் வரம்பை ஏகத்துக்கு ஏற்றிவிட்டேன். அடுத்த கச்சேரியில் தானாக அடிக்கவில்லைதான். ஆனால் மெல்லத் தட்டியது எதுவும் வரவில்லை. பத்து அடி அடித்தால் ஏழுதான் கேட்டது.

அதைக் கண்டுபிடித்தது எங்கள் தபலா அண்ணன். “தம்பி, நீ பலமா அடிக்கிறதுக்கு யாரும் காசு தர வேண்டாம்பா. மெல்ல விழுறதுலதான் தாளம் நிக்கும்” என்றார். அன்றிலிருந்து ஸ்டாண்ட் காலுக்கடியில் பழைய பஞ்சு மெத்தைத் துண்டுகளை வைத்து, வரம்பைக் குறைத்தே வாசிக்கிறேன். வேனில் முதலில் ஏறுவது அந்த மெத்தைத் துண்டுகள்தான்.

சில சத்தங்களுக்குக் கை வேண்டியதில்லை. ரோலண்டின் 808 டிரம் மெஷின் 1980-ல் வந்து, 1983-லேயே உற்பத்தி நின்றுபோனது. அதில் பதிவு செய்த டிரம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மின்சுற்று. சுற்றைத் தட்டிவிட்டால் அது ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடி அடங்கும். அந்த அடக்கம்தான் நெஞ்சில் இடிக்கும் அந்த நீளமான ‘பூம்’. நூறு தடவை அடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும், அதுதான் அதன் அழகு. தபலாவை அப்படி வாசித்தால் ரெண்டு தாள வட்டம் தாண்டாது, தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும்.

ஒரு வருஷம் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று ஓனர் ஆளைக் குறைத்தார். பேட்தான் தபலாவைத் தின்றது என்று பேசிக்கொள்வார்கள். நான் பார்த்தது வேறு. பெரிய வேனுக்குப் பதில் சின்ன வண்டி பேசினார்கள், அதில் ஓர் ஆள் இடமும் ஒரு ஜோடி தபலா இடமும் இல்லை. “சத்தத்தை மட்டும் புடிச்சு வச்சுக்க” என்றார் ஓனர். அண்ணனிடம் நான்தான் போய்க் கேட்டேன்.

மறுபேச்சு பேசாமல் பதிவுக்கு உட்கார்ந்தார். சுத்தியலால் தட்டி ஒன்றரைக் கட்டை சுருதிக்குச் சேர்த்தார். நா, தின், தித், கெ என்ற தபலாச் சொற்கள். ஒவ்வொன்றையும் மெல்ல, நடுத்தரமாக, பலமாக. ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தால் பொய் தெரியும் என்று ஒவ்வொன்றிலும் மூன்று பதிவு. இடது கை வாசிக்கும் பெரிய தபலாவான டக்காவில் மணிக்கட்டை அழுத்தி இழுத்தாரே, அந்த ‘கெ’ மட்டும் அடங்கவில்லை. அந்த இழுப்பு பாட்டுக்குப் பாட்டு நீளும், குறுகும். குச்சிக்கு அது தெரியாது. ஏழு நீளங்களில் பதிந்து வைத்தேன். கச்சேரியில் இன்றுவரை அந்த ஏழில் சரியான நீளம் எனக்கு அமைந்ததில்லை.

ஆறு மாசம் கழித்து ஒரு கல்யாண ரிசப்ஷனில் அவரே விருந்தாளியாக வந்திருந்தார். பாடகர் ரெண்டரைக் கட்டை கேட்டதால் நான் தபலாப் பதிவின் சுருதியை லேப்டாப்பில் ஏற்றி வைத்திருந்தேன். ஏற்ற ஏற்ற தோலின் கார்வை, அதாவது சத்தம் நீளும் நேரம், குட்டையாகிவிடும். பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைய சம்பளத்திலிருந்து முந்நூறு ரூபாயை அவர் சட்டைப் பையில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

“ரெண்டாவது ‘தின்’ நல்லால்ல. குழந்தை அழுற மாதிரி இருக்கு. ரெண்டரைல தனியா சேர்த்துத் தாரேன், ஞாயித்துக்கிழமை வா. மழை புடிச்சிட்டா தோல் இறங்கிரும்” என்றார்.