கெடிலக்கரைக் கற்கள்: திருவதிகை முதல் திருப்பாப்புலியூர் வரை

கடலூர்ப் பக்கம் கருங்கல் கிடையாது. எங்கள் ஊரில் மலை என்று பேர் சொல்ல இருப்பது கேப்பர் மலை. அதுவும் செம்மண்ணும் மணற்பாறையும் கலந்த மேடுதான், மழை பெய்தால் சிவப்பாகக் கரைந்து ஓடும். அதில் உளி வைத்தால் உதிர்ந்துவிடும். ஆனால் கெடில ஆற்றங்கரைக் கோயில்களில் தூணும் அடித்தளமும் லிங்கமும் கருங்கல்லாக இருக்கின்றன. அவ்வளவும் மேற்கே எங்கிருந்தோ வண்டி ஏறி வந்திருக்க வேண்டும். இது மனதில் தைத்த நாளிலிருந்து, கோயிலுக்குள் நுழைந்தால் என் கை முதலில் சுவரைத்தான் தொடுகிறது.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "கல்லு எங்கேருந்து வந்தா என்னடி, சாமி இங்கதானே இருக்காரு" என்றார். அவருக்குத் தேவாரம் மனப்பாடம், அப்பர் என்றால் உயிர். அதனால் அப்பர் நடந்த வழியிலேயே ஒரு நாள் போய்வரலாம் என்று கிளம்பினோம். பண்ருட்டி அருகே திருவாமூரில் பிறந்து, கடலூரில் இன்றைய திருப்பாதிரிப்புலியூரில் இருந்த சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பேரில் துறவியாகி, சூலை என்ற வயிற்று வலி தாங்காமல் இரவோடு இரவாக அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு ஓடி வந்தவர் அவர். அந்த வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் இந்த ஒரு ஆற்றங்கரையிலேயே நடந்து முடிந்துவிட்டன. பண்ருட்டியிலிருந்து கடலூர் சுமார் 25 கிலோமீட்டர்தான்.

திருவதிகை வீரட்டானத்துக்குக் காலை அபிஷேக நேரத்தில் போவது நல்லது. காரணம் அந்த லிங்கம். மற்ற கோயில்களில் பார்க்கிற மாதிரி மேலே நிற்கும் பாணப் பகுதி வழவழப்பான உருண்டையாக இருக்காது. 16 பட்டைகள், ஆள் உயரத்துக்குப் பெரிய திருமேனி. தண்ணீர் ஊற்றும்போது கவனித்தேன். உச்சியில் ஒன்றாக விழுகிற நீர், பட்டைகளின் விளிம்பில் பட்டதும் தனித்தனி இழையாகப் பிரிந்து இறங்குகிறது. பால் ஊற்றினால் இன்னும் தெளிவாகத் தெரியும்: கறுப்பு, வெள்ளை, மறுபடி கறுப்பு. பிறகு குருக்கள் கற்பூரத் தட்டை மெல்ல உயர்த்த உயர்த்த, வெளிச்சம் ஒரு பட்டையை விட்டு அடுத்ததற்குத் தாவுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். இந்த ஒரு சன்னிதியிலாவது கண்ணைத் திறந்தே வையுங்கள்.

விமானம் தேர் வடிவில் இருக்கும். திரிபுரத்தை எரிக்க ஈசன் தேர் ஏறிய தலம் இது என்பதால் அப்படி. அடித்தளம் கல், மேலே சுதைச் சிற்பங்கள். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்க்கலாம்.

அப்பருக்கும் திலகவதியாருக்கும் தனித்தனிச் சன்னிதி உண்டு. பெரியம்மா திலகவதியார் முன்னால் நின்றதும் அசையவில்லை. விடியுமுன் கோயிலைக் கூட்டி, சாணம் மெழுகி, பூமாலை கட்டிச் சாத்தியவர். வயிற்று வலியோடு வந்து விழுந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்து உள்ளே அழைத்துப் போனவர். அங்கேதான் 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' பிறந்தது. "அந்த அம்மா மட்டும் கதவைச் சாத்தியிருந்தா தேவாரத்துல பாதி இல்லடி" என்றார் பெரியம்மா. பாதி என்பது கணக்குக்குச் சரிவராது, ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை.

சுந்தரர் இந்த ஊருக்கு வந்தபோது உள்ளே காலெடுத்து வைக்கவே இல்லை. அப்பர் கையால் புல் செதுக்கி உழவாரப் பணி செய்த மண்ணைக் காலால் மிதிப்பதா என்று தயங்கி, ஊருக்கு வெளியே சித்தவட மடத்தில் படுத்துக்கொண்டார். இரவில் ஒரு கிழவர் வந்து அவர் தலைமேல் காலை நீட்டிப் படுத்தார். இவர் நகர நகர அந்தக் காலும் நகர்ந்து வந்தது. கடைசியில்தான் வந்தவர் யார் என்று புரிந்தது. நாமோ கோபுர வாசல் வரை பைக்கை ஓட்டிக்கொண்டு போய், அங்கேயே நிறுத்தவும் செய்கிறோம்.

பிராகாரத்தில் ஒரு புத்தர் சிலையும் இருக்கிறது. பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். எனக்கு அதன் எதிரில் சற்று நேரம் நிற்கப் பிடிக்கும். பாடலிபுத்திரம் என்று பேர்பெற்றிருந்த திருப்பாதிரிப்புலியூரின் சமணப் பள்ளியை இடித்து, அந்தப் பொருள்களைக் கொண்டுவந்து பல்லவ மன்னன் திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற சிவன் கோயிலை எடுப்பித்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. ஆக, ஆற்றோடு கீழே போன கல்லும் உண்டு, ஆற்றுக்கு எதிராக மேலே வந்த கல்லும் உண்டு. எந்தக் கல் யாரை வணங்கிக்கொண்டிருந்தது என்று யாருக்குத் தெரியும்?

மண்டபத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெயில் ஏறிய பிறகும் முதுகில் கல்லின் குளிர்ச்சி தெரிந்தது. தியானத்துக்கு நான் பெரிய முறை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. மூச்சோடு ஐந்தெழுத்தைச் சொல்வேன், அவ்வளவுதான். மனது ஓடத்தான் செய்யும். பஸ் நேரம், வீட்டுக் கேஸ் சிலிண்டர், எல்லாம் வரும். அப்போது உள்ளங்கையைத் தரையில் ஊன்றிக்கொள்வேன். உளித் தடம் இன்னும் சொரசொரப்பாக இருக்கிற கல் அது. விரல் அதில் நின்றால் மனமும் கொஞ்சம் நிற்கிறது. சில கோயில்களில் திருப்பணி என்ற பேரில் இதன்மேல் பளபளக்கிற டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். வழுக்குவதைத் தவிர அதில் வேறென்ன பலன் என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்புறம் பாலூர் வழியாகத் திருமாணிகுழி. நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அங்கே மூலவரை நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. சுவாமி எப்போதும் அம்பாளோடு சேர்ந்திருப்பதாக ஐதீகம், அதனால் எந்நேரமும் திரை. திரைக்குக் காவலாக இருக்கும் பீமருத்திரருக்குத்தான் முதல் பூஜை. திரை விலகும், ஒரு நொடி தீபம், மறுபடி திரை. சட்டென்று முடிந்ததில் எனக்கு ஏமாற்றம்தான். பெரியம்மாவோ, "அதுக்குள்ள பாத்துட்டேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாலையில் கடலூர். கோயிலுக்குப் போகுமுன் வண்டிப்பாளையம் பக்கம் கரையேறவிட்டகுப்பத்துக்கு ஆட்டோ பிடித்தோம். நீற்றறை என்ற சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தும், நஞ்சூட்டியும், யானையை ஏவியும் சாகாத அப்பரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினார்கள். அந்தக் கல்லே தெப்பமாகி அவரைக் கொண்டுவந்து சேர்த்த கரை இது. இன்று அங்கே நின்றால் கடல் தெரியாது. வீடுகளும் கடைகளும்தான். பெரியம்மாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. தெருவோரமாக நின்று 'சொற்றுணை வேதியன்' என்று ஆரம்பித்துவிட்டார். "கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணையாவது நமச்சிவாயவே" என்ற இடத்தில் குரல் கம்மியது.

ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "அம்மா, வேற சவாரி இருக்கு" என்றார்.

"இருப்பா தம்பி, பத்தே பாட்டுதான்."

அவர் இன்ஜினை அணைத்துவிட்டார். பத்துப் பாட்டும் முடிந்தது. காத்திருந்ததற்குத் தனியாகக் கூலியும் கேட்கவில்லை.

பாடலீஸ்வரர் கோயில் கடைவீதி நெரிசலுக்குள் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் திருப்பாப்புலியூர் கோயில். தலமரம் பாதிரி, பிள்ளையார்கூடக் கையில் ஆயுதம் பிடிக்காமல் பாதிரிப் பூவை வைத்திருக்கிறார். கரையேறி வந்த அப்பர் இங்கேதான் 'ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்' பாடினார். அம்பாள் உருவமில்லாமல் தவமிருந்த இடம் என்று ஒரு பீடத்தைக் காட்டுகிறார்கள், அருந்தவநாயகி. சிலை இல்லை, முகம் இல்லை. நாள் முழுக்கச் செதுக்கிய கல்லாகப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு இந்த வெறும் பீடத்தின் முன்தான் மனம் சட்டென்று அடங்கியது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பள்ளியறை வழக்கமும் இங்கே மாறி இருக்கும். மற்ற தலங்களில் அம்பாள் சுவாமியிடம் எழுந்தருள்வார். இங்கே சுவாமி அம்பாளைத் தேடிப் போகிறார். அதைப் பார்க்க அர்த்தஜாமம் வரை இருக்க வேண்டும். இருந்தோம்.

சித்திரை மாதம் அனுஷத்தன்று அப்பர் கரையேறிய விழா நடக்கும். பெரியம்மா அதற்கும் வரவேண்டும் என்கிறார். அன்றைக்குக் கூட்டம் நெரியும் பெரியம்மா, தூணில் சாய்ந்து உட்காரக்கூட இடம் இருக்காது என்றேன்.

"அப்ப நின்னுக்கிட்டே கும்பிடு" என்றுவிட்டார்.